ஏழு கைதிக்கு ஒரு புரட்சியா? (பதினோராம் ஆண்டு வரலாறு)

வாவிக்கரையான்:
நேத்து இஞ்ச ஒரு சேர் எழுதியிருந்தார், பிரெஞ்சுப் புரட்சியப் புள்ளைகளுக்கு "நீங்களே தேடிப் படிங்க" எண்டு தேடல் முறையில குடுக்கிறது டீச்சர்மார் வேலைக்குக் கள்ளமடிக்கிற வழியாம், நாலு பக்க நோட் குடுத்தா முடிஞ்சிதாம். வாசிச்ச நேரம் தொட்டு எனக்குப் பத்திக்கொண்டு வருது. என்ட மகள்ற வகுப்பில நடந்ததச் சொல்றன். டீச்சர் போர்ட்டில ஒரே ஒரு கேள்விய எழுதினவ, "பஸ்தில் சிறைய ஏன் அடிச்சாங்க?" மறுகா ஆறு குறூப்புக்கும் ஆறு கடித உறை. ஒண்டுக்குள்ள பரிஸ்ல பாண் விலை ஏறின கதை, ஒண்டுக்குள்ள அரசன்ட டயரித் துண்டு, ஒண்டுக்குள்ள அண்டைக்குச் சிறையில இருந்தவங்கட லிஸ்ட். புள்ள ராவு பத்து மணி மட்டும் டிமைப் பேப்பர நிலத்தில விரிச்சு மாக்கரால கீறிப்போட்டு, கையெல்லாம் நீலத்தோட வந்து கேக்காள், "அப்பா, உள்ளுக்கு ஏழு பேர்தான் இருந்திரிக்காங்க, அப்ப என்னத்துக்கு இத்தின சனம் செத்தது?" நான் படிச்ச காலத்தில எனக்கு இந்தக் கேள்வி வரவேயில்ல. 1789 ஜூலை 14 எண்டு பாடமாக்கினதோட சரி.

கல்லடி சேர்:
அந்தச் சேர் நான்தான், பேரச் சொல்லியே எழுதியிருக்கலாம், பயமா? 26 வருசமா வரலாறு படிப்பிக்கிறன், என்ட நோட்டில "நூற்றுக்கணக்கான அரசியல் கைதிகள் விடுவிக்கப்பட்டனர்" எண்டு தெளிவா இரிக்கு, அதப் படிச்ச புள்ளைகள் ஏ எடுத்துக் கம்பஸ் போய் இண்டைக்கு என்னக் கண்டா பைக்க நிப்பாட்டிக் கதைக்குதுகள். ஏழு பேரா? ஏழு பேர வெளியால எடுக்க ஒரு நாடே எழும்புமா? இதுதான் கடித உறைப் படிப்பு.

பாலமீன்மடு:
ஏழுதான் சேர். நாலு பேர் கள்ளப் பத்திரம் செஞ்சவங்க, ரெண்டு பேர் சித்தம் குழம்பினவங்க, ஒருத்தன் குடும்பமே பிடிச்சு அடைக்கச் சொன்ன பிரபு. சனம் போனது ஆள் எடுக்க இல்ல, மருந்து எடுக்க. காலையில அன்வலிட் எண்ட பட்டாளக் கட்டடத்தில ஆயிரக்கணக்கில துவக்கு எடுத்திட்டாங்க, போட வெடிமருந்து இல்ல, அது 250 பீப்பா பஸ்தில்லுக்குள்ள கிடந்திச்சு.

கல்லடி சேர்:
நான் மருந்தக் கேக்கல்ல. ஏழக் கேட்டன்.

தேத்தண்ணி:
ஒள்ளுப்பம் பொறுங்க. முதல்ல "புரட்சி" எண்டா என்ன, "தேடல் முறை" எண்டா என்ன எண்டு ஆராவது சொன்னா நல்லம்.

அக்கரைப்பத்தான்:
சேர் கோவிக்காதீங்க, எட்டாவது ஆளும் ஒருத்தர் இரிந்தாரு. மார்க்கி தெ சாத் எண்டு ஒரு எழுத்தாளர். உள்ளுக்குக் கைதிகளக் கொல்றாங்க எண்டு ஜன்னலால கத்தினதில ஜூலை 4 அவர வேற இடத்துக்கு மாத்திட்டாங்க. பத்து நாள் பிந்தியிருந்தா எட்டு.

கல்லடி சேர்:
பாத்தீங்களா, இப்ப எட்டு! நாளைக்கு ஒம்பது எண்டுவாங்க. அக்கரைப்பத்தில இருந்து இன்னும் ரெண்டு பேர் வந்தா என்ட நூறு சரியாயிரும்.

அக்கரைப்பத்தான்:
ஊர ஏன் இழுக்கீங்க? நாங்க என்ன, வரலாறு படிக்கப் படாதா?

லாசப்பல் மருமகன்:
அது "பஸ்தில்" இல்ல, "பஸ்தீய்". நான் வேலைக்குப் போற வழியில மெட்ரோவே நிக்கும். சிறையக் கல்லுக் கல்லாக் கழட்டிட்டாங்க, இப்ப சதுக்கம்தான், நடுவில ஒரு தூண். எல்லாரும் அது 1789க்கு எண்டு நினைச்சு போட்டோ புடிக்காங்க, அது 1830 ஜூலைப் புரட்சிக்கு வச்ச தூண்.

கல்லடி சேர்:
மெட்ரோவில போனா வரலாற்றாசிரியரா? உங்கட மச்சான் என்னட்ட ரெண்டு வருசம் படிச்சவர், கடைசி மூண்டு மாசக் காசு இன்னும் வரல்ல.

லாசப்பல் மருமகன்:
அந்தக் கதை இஞ்ச என்னத்துக்கு? மூண்டு இல்ல, ரெண்டு மாசம்.

வாவிக்கரையான்:
சேர், 2022 ஜூலை 9 கொழும்பில ஜனாதிபதி மாளிகைக்குள்ள சனம் போச்சுது, ஆர விடுதலை செய்யப் போச்சுது? உள்ளுக்கு எத்தின கைதி இருந்தவங்க? நீச்சல் குளத்தில குளிச்சிட்டு வந்தாங்க. ஆக்கள எண்ணியா சனம் எழும்புது?

கல்லடி சேர்:
அது வேற. மாளிகை சிறை இல்ல. சிறைய உடைக்கிறதெண்டா உள்ளுக்கு ஆள் வேணும், சாமானிய அறிவு.

பாலமீன்மடு:
சிறை உடைக்கிறதப் பத்தி மட்டக்களப்பானுக்கா பாடம் எடுக்கீங்க? 1983 செப்டம்பர்ல எங்கட சிறைய உடைச்ச நேரம்...

அட்மின்:
அந்தப் பக்கம் போகவேணாம். புரட்சிய பிரான்ஸோட வச்சுக்கங்க.

பாலமீன்மடு:
சரி, பிரான்ஸ். 1789 ஜூலை 14 டயரியில அரசன் எழுதினது ஒரு சொல்லு, "ஒண்டுமில்ல". அதுதான் அவருக்குத் தெரிஞ்ச லட்சணம்.

அக்கரைப்பத்தான்:
அது வேட்டைக் கணக்கு காக்கா. அண்டைக்கு மிருகம் ஒண்டும் படல்ல எண்டு எழுதினது. புள்ளைகள்ற உறைக்குள்ளயும் அது இரிந்திச்சாம், ஒரு குறூப் உங்களப் போலதான் முதல்ல விளங்கிச்சாம்.

பாலமீன்மடு:
எனக்குத் தெரியும், சுருக்கிச் சொன்னன்.

கல்லடி சேர்:
ஆளுக்காள் அடிபடுறீங்க, ஏழுக்கு மட்டும் பதில் இல்ல. நீளத்தாடியோட ஒரு கிழவனத் தோள்ல தூக்கிப் பரிஸ் தெருவெல்லாம் ஊர்வலம் போனாங்க, அவர் ஆர்? அரசியல் கைதி. அப்ப என்ட நோட் சரி.

பாலமீன்மடு:
அந்தத் தாடிக்காரர் சித்தம் குழம்பின ரெண்டு பேர்ல ஒருத்தர் சேர். சனத்துக்கு ஒரு தியாகி தேவைப்பட்டிச்சு, லோர்ஜ் பிரபு எண்டு இல்லாத ஒரு கிழட்டுக் கைதியையே உண்டாக்கிக் கதை அச்சடிச்சு வித்தவங்க. உங்கட "நூற்றுக்கணக்கான" அந்த வழியாத்தான் வந்திருக்கும்.

கல்லடி சேர்:
நான் பொய் அச்சடிக்கிறன் எண்டுறீங்களா? அட்மின், இதப் பாருங்க.

நீலமாக்கர்:
சேர், நான் வாவிக்கரையான்ட மகள். அப்பாட போன்ல வேற பேர்ல எழுதுறன். உங்கட நோட்டும் ஒரு உறைக்குள்ள இருந்திச்சு. மேல பேர் இல்ல, போட்டோக்கொப்பி. டீச்சர் சொன்னவ, மத்தத் துண்டுகளக் கேக்கிற மாதிரி இதையும் கேளுங்க எண்டு: இத ஆர் எழுதின, எப்ப எழுதின, அங்க நிண்டவரா, ஆரிட்டக் கேட்டு எழுதின. எங்கட குறூப் நாலு கேள்விக்கும் "தெரியாது" எண்டு போட்டிச்சு. இப்ப ஆர் எண்டு தெரியும்.

தேத்தண்ணி:
😂😂😂

கல்லடி சேர்:
என்ட டியூட்ட, அந்த நோட்ட, என்னக் கேக்காமக் கொப்பியடிச்சு வகுப்பில குடுத்திரிக்காங்க! வருசக்கணக்காப் பாடுபட்டு எழுதினது, ஒரு செட் 300 ரூவா. ஆறு குறூப்புக்கு ஆறு கொப்பி. இதக் கேக்க ஆளில்லையா?

வாவிக்கரையான்:
புள்ள ஒரு கொப்பி எண்டுதான் சொன்னாள். ஒரு குறூப்புக்குத்தான் அந்த உறை.

கல்லடி சேர்:
ஆறு.

வாவிக்கரையான்:
ஒண்டு சேர்.

அக்கரைப்பத்தான்:
இதுக்கும் லிஸ்ட் கேப்பம் போல.

கல்லடி சேர்:
சிரிங்க சிரிங்க. ஓ.எல் பேப்பர்ல "தெரியாது" எண்டு எழுதிப்போட்டு வரட்டும், மார்க் வருதா பாப்பம். ஏழு பேராம்.