கரூர் பக்கம் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த ஒருவருக்கொருவர் உதவும் அமைப்பு) மீட்டிங் எப்படிக் கண்டுபிடிப்பது? அண்ணனுக்காகக் கேட்கிறேன்

கரூர்த் தம்பி:
அண்ணனுக்கு 41 வயது, தறிப் பட்டறையில் வேலை. ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குடியை நிறுத்தி, போன வாரம் வீட்டுக்கு வந்துவிட்டார். கை நடுக்கம் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறார், பிள்ளைகளோடு பேசுகிறார். ஆனால் சாயங்காலம் ஆனால் ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறார். டாக்டர் "ஏ.ஏ. மீட்டிங்குக்கு அனுப்புங்க" என்று சொன்னதோடு சரி. எங்கே, எப்போது, எதுவும் தெரியவில்லை. கூகுளில் தேடினால் பணம் கட்டித் தங்கும் மறுவாழ்வு மையங்களின் விளம்பரம்தான் வருகிறது. ஒரு மீட்டிங் சர்ச் வளாகத்தில் நடக்கிறது என்றார்கள். அம்மாவுக்கு அதில் தயக்கம். குடிப்பவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கும் பொடி இருக்கிறதாம், அதை வாங்கிவிடலாம் என்கிறார். அண்ணனோ "நாலு பேர் முன்னால என் மானத்தை வாங்கவா?" என்று கேட்கிறார். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

நாமக்கல்காரன்:
தம்பி, முதலில் அம்மாவிடம் அந்தப் பொடி வேண்டவே வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. டைசல்பிராம் (குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மாத்திரை) மாதிரி மருந்து கலந்திருந்து, அது தெரியாமல் அவர் குடித்துவிட்டால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, பிரஷர் இறங்கும். உயிரே போகலாம். அதனால்தான் டாக்டர்கள் அந்த மாத்திரையை நோயாளிக்கு விளக்கிச் சொல்லி, அவர் சம்மதத்தோடு தருகிறார்கள்.

நான் லாரி பாடி கட்டும் பட்டறையில் இருக்கிறேன். ஏ.ஏ.வுக்குப் போய்க் குடியை நிறுத்தியவன். அண்ணனிடம் மீட்டிங் அட்ரஸை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள், வாசல் வரை போய்த் திரும்பிவிடுவார். ஏ.ஏ. இந்தியா இணையதளத்தில் ஹெல்ப்லைன் எண் இருக்கும். கூப்பிட்டு ஊரைச் சொன்னால் பக்கத்தில் இருக்கும் குரூப்பின் ஆளோடு தொடர்பு கிடைக்கும். எடுப்பவரும் குடித்து நிறுத்தியவராகத்தான் இருப்பார். எண்ணைப் போட்டுப் போனை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் வெளியே போய்விடுங்கள். நீங்கள் நூறு முறை சொல்வது ஏறாது, குடித்தவன் சொன்னால் ஏறும்.

இந்த அமைப்பு பிறந்ததே அப்படித்தான். 1935-இல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊருக்கு பில் என்பவர் தொழில் விஷயமாகப் போனார். குடியை நிறுத்திச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. போன காரியம் கெட்டுப்போக, தங்கிய ஹோட்டலில் பார் சத்தம் இழுத்தது. இன்னொரு குடிகாரரிடம் பேசினால்தான் தப்பிக்க முடியும் என்று நினைத்து, அங்கிருந்த சர்ச் பட்டியலைப் பார்த்துப் போன் மேல் போன் போட்டார். அப்படிக் கிடைத்த குடிகாரர்தான் டாக்டர் பாப். இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் ஏ.ஏ. அண்ணனுக்கும் போனில் அறிமுகம் ஆனபின் முடிந்தால் அந்த குரூப் ஆளே வீட்டுக்கு வந்து அண்ணனை அழைத்துப் போகட்டும்.

மானத்தை யாரும் வாங்க மாட்டார்கள். முழுப்பெயர், விலாசம் கேட்க மாட்டார்கள், கட்டணமும் இல்லை. ஒருவர் பேசும்போது நடுவில் பேச மாட்டார்கள், புத்தி சொல்ல மாட்டார்கள். அண்ணனுக்குப் பேசப் பிடிக்கவில்லையா, கேட்டுவிட்டு வரலாம். குடியை நிறுத்தும் ஆசை இருந்தால் போதும். சர்ச், பள்ளிக்கூடம் என்று இடம் கொடுப்பவர்கள் அறையில் கூடுகிறார்கள், அவ்வளவுதான். மதம் மாற்றும் பேச்சே கிடையாது. எங்கள் குரூப்பில் விபூதி பூசியவரும் குல்லா போட்டவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருகிறார்கள்.

ஈரோடு செல்வி:
தம்பி, "ஓப்பன் மீட்டிங்" எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் குடும்பத்தாரும் போகலாம். "க்ளோஸ்டு" என்றால் குடியை நிறுத்த வந்தவர்களுக்கு மட்டும். அம்மாவும் அண்ணியும் போக, குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கான அல்-அனான் என்ற குழு தனியாக இருக்கிறது. என் வீட்டுக்காரர் ஏ.ஏ.வுக்குப் போக, நான் அங்கே போகிறேன். சட்டைப்பையைத் துழாவுவதையும் வாயை மோந்து பார்ப்பதையும் நான் விட்டது அங்கே போன பிறகுதான். அண்ணி பாவம், அவரைத் தனியாக விடாதீர்கள்.

இன்னொன்று. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லி யாராவது சொன்னால், அது மீட்டிங்கில் பழைய ஆளாகவே இருந்தாலும் கேட்க வேண்டாம். அண்ணன் மறுபடி தினமும் குடிக்க ஆரம்பித்துவிட்டால், வீட்டில் பூட்டி வைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறலாம். நேராக ஆஸ்பத்திரிதான். நடுராத்திரியில் பேச ஆள் வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

கரூர்த் தம்பி:
அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. நேற்று போனைக் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். அரைமணி நேரத்துக்கு மேல் பேசினார்! எதிரே பேசியவரும் தறி ஓட்டியவராம். வாரத்தில் இரண்டு நாள் மீட்டிங் இருக்கிறது. முதலில் எந்த நாள் போகட்டும்?

நாமக்கல்காரன்:
அவருக்குச் சம்பளம் என்றைக்கு?

கரூர்த் தம்பி:
சனிக்கிழமை.

நாமக்கல்காரன்:
அப்போ சனிக்கிழமை மீட்டிங் இருந்தால் அதுதான். இல்லையென்றால் அன்றைக்கு ஆன்லைனில் தமிழ் மீட்டிங் இருக்கிறதா என்று போனில் பேசிய அந்தத் தறிக்காரரிடமே கேளுங்கள். சம்பளத்தை முதலாளியிடம் அண்ணி வாங்கிக்கொள்ளலாமா என்று அண்ணனையே கேட்டு முடிவு செய்யுங்கள், அவருக்குத் தெரியாமல் ஏற்பாடு வேண்டாம். அந்தத் தறிக்காரரைப் பட்டறை வாசலுக்கே வரச் சொல்ல முடியுமா பாருங்கள்.