கண்ணகி யாரை விட்டுவைத்தாள்? திறனாய்வுக்கு உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் வேலை, அஞ்சல் வழியில் எம்.ஏ. தமிழ். சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தை ஏதாவது ஒரு திறனாய்வு நோக்கில் அணுகிக் கட்டுரை எழுத வேண்டும்.

பெண்ணிய நோக்கில் தொடங்கினேன். அரசனிடமே நியாயம் கேட்ட பெண் என்று நாலு பக்கம் ஓடியது. அப்புறம் கண்ணகி மதுரையை எரிக்கும் வஞ்சின மாலைக் காதையில் நின்றுவிட்டேன். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகளை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் சேரச் சொல்கிறாள் தீயிடம். சரி, பத்தினி அல்லாத பெண்கள்? நூலின் தொடக்கத்தில் உள்ள உரைபெறு கட்டுரை என்ற உரைநடைப் பகுதியிலோ கொற்கைப் பாண்டியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிடுகிறான். தப்பு செய்தவன் ஒருவன்தானே! எங்கள் கடைக்கு எதிரே நகைப்பட்டறை. அங்கே இதை வாய்விட்டுப் படிக்க எனக்குத் தைரியமில்லை.

இதை அந்தக் காலத்து அறமாகப் படிப்பதா, சாதி நோக்கில் கேள்வி கேட்பதா? காலம் என்றாலும் சிக்கல்: இரண்டாம் நூற்றாண்டு என்பார்கள், ஆய்வாளர் வையாபுரிப்பிள்ளை பிற்காலத்துக்குத் தள்ளுகிறார். பழைய உரையாசிரியர் அடியார்க்கு நல்லாரின் உரையும் வஞ்சின மாலைக்குக் கிடைக்கவில்லை. ந.மு. வேங்கடசாமி நாட்டார் உரை மட்டும் கையில் இருக்கிறது.

பொற்கொல்லர் பலியைப் பற்றி எழுதிய கட்டுரை எதுவும் தெரிந்தால் சொல்லுங்கள். அடுத்த திங்கள் சமர்ப்பிக்க வேண்டும்.