மறு: என்ஜினுக்குள் தண்ணீர்: ‘நீர்ப்பூட்டு’ பொருந்துமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> ஹைட்ரோலாக்குக்கு நீர்ப்பூட்டு என்று போட்டால் வேலை முடிந்தது. ஹைட்ரோ என்றால் நீர், லாக் என்றால் பூட்டு.

இவ்வளவு சீக்கிரம் முடித்துவிட வேண்டாம் ஐயா. என்ஜின் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்து பிஸ்டனை நிறுத்திவிடுவதுதான் ஹைட்ரோலாக்; படகு என்ஜின்களில் வருகிற இந்தக் கோளாறுக்குத்தான் தமிழில் சொல் தேடுகிறோம். சேலத்தில் டீசல் மெக்கானிக் வகுப்பு எடுக்கிறேன். மேட்டூர், எடப்பாடி, பூலாம்பட்டிப் பக்கத்துப் பையன்கள் நிறையப் பேர் படிக்கிறார்கள். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிறவர்களும் உண்டு. நாம் இங்கே முடிவு செய்கிற சொல் நாளைக்கு இவர்கள் வாயில்தான் புழங்கவேண்டும். அதனால் முதலில் என்ஜினைப் பார்ப்போம், சொல்லை அப்புறம் பார்ப்போம்.

பட்டறையில் எல்லாவற்றுக்கும் ஒரே பேச்சுதான்: ‘என்ஜின்ல தண்ணி ஏறிடுச்சு.’ டீசலில் தண்ணீர் கலந்தாலும் அதுதான், ஆயிலில் கலந்தாலும் அதுதான், சிலிண்டருக்குள் போய் நின்றாலும் அதுதான். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. முதல் இரண்டிலும் தப்புச் செய்தால் செலவு வைக்கும். மூன்றாவதில் தப்புச் செய்தால், அதாவது ‘ஒரு தடவை செல்ப் அடிச்சுப் பாரு’ என்று யாராவது சொல்லி ஒருவன் ஸ்டார்ட்டரை இயக்கிவிட்டால், அந்த நொடியே பிஸ்டனைத் தாங்கும் ராடு வளைந்துவிடலாம். நாம் தேடுவது அந்த மூன்றாவதுக்கான சொல்லை.

காரணம் எளிது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே ஏறி முடிக்கும்போது அதன் தலைக்கும் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே மிஞ்சுகிற இடம் மிகக் குறைவு. ஒரு சிலிண்டர் 510 சிசி, அமுக்க விகிதம் 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் 18 என்றால் மொத்த இடம் மிஞ்சுகிற இடத்தைப் போல 18 மடங்கு. அதில் ஒரு பங்கு மிஞ்சுகிற இடமே என்பதால் 510-ஐ 17-ஆல் வகுத்தால் 30. வெறும் 30 மில்லி! இருமல் மருந்து பாட்டிலோடு வரும் 10 மில்லி மூடியில் மூன்று மூடி. அதற்கு மேல் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் உச்சிக்குப் போகவே முடியாது. அதே அளவு பெட்ரோல் என்ஜினில் விகிதம் 9 என்றால் 64 மில்லி வரை இடம் இருக்கும். டீசல் படகுக்காரர்கள் கூடுதலாகப் பயப்படவேண்டியதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். மாணவர்களிடம் இந்த வகுத்தலைப் பலகையில் போட்டுக் காட்டிய பிறகு வேறு எச்சரிக்கை எதுவும் தேவைப்படுவதில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? காவிரிக் கரைப் பூலாம்பட்டிக்கும் அக்கரை நெரிஞ்சிப்பேட்டைக்கும் விசைப்படகு ஓடுவது பலருக்குத் தெரிந்திருக்கும். மேட்டூரில் உபரிநீரை அதிகமாகத் திறந்தால் படகை நிறுத்திவிடுவார்கள். அப்படிக் கரையில் கட்டிக் கிடந்து மழையில் நனைந்த ஒரு படகின் என்ஜினை மாணவர்களோடு போய்ப் பார்த்தேன். செல்ப் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு பையனிடம் ஹேண்டிலைக் கொடுத்து, அமுக்கத்தை விடுவிக்கிற டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்காமல் மெதுவாகச் சுற்றச் சொன்னேன். நல்ல என்ஜினில் கம்ப்ரஷன் வரும்போது ஹேண்டில் கனக்கும், ஆனால் கைக்கு ஒரு நெளிவு தெரியும். அழுத்திப் பிடித்தால் காற்று கசிந்து மெல்ல இறங்கிக்கொடுக்கும். இங்கே அந்த நெளிவே இல்லை. லேசாகச் சுற்றிக்கொண்டே வந்தது ஓர் இடத்தில் ‘டக்’ என்று நின்றுவிட்டது. பின்னால் திருப்பினால் தாராளமாகப் போனது, மறுபடி முன்னால் வந்தால் அதே இடத்தில் நிற்கிறது. பையன் திரும்பிப் பார்த்துச் சொன்னான்: ‘சார், முட்டுது.’

டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரைக் கழற்றி, எல்லோரையும் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சுற்றினோம். துரு நிறத்தில் தண்ணீர் ஹெட்டின் ஓட்டை வழியாகப் பீய்ச்சி அடித்தது. சைலன்சர் குழாய் வானம் பார்த்து நின்றிருக்கிறது. எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நிலையில் என்ஜின் நின்றிருக்கிறது. மழைத்தண்ணீர் நேராக இறங்கிவிட்டது. நம் ஊரில் டிராக்டர் சைலன்சர் மேல் பழைய டப்பாவைக் கவிழ்த்து வைப்பார்களே, அதைச் செய்திருந்தாலே போதும். தண்ணீரை வெளியேற்றி, சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு, கையால் பல சுற்று சுற்றி, என்ஜின் ஆயிலை மாற்றி, அன்றைக்கே ஓடவிட்டோம். அன்றைக்கே ஓடவிடுவது முக்கியம். ஈரம் பட்ட சிலிண்டர் சுவரில் துரு பிடிக்க வாரக்கணக்கில் காத்திருக்காது.

யாராவது முன்பே செல்ப் அடித்திருந்தால் கதை வேறு. ராடு லேசாக வளைந்திருந்தாலும் தண்ணீர் போன பிறகு என்ஜின் ஸ்டார்ட் ஆகும், ஓடவும் செய்யும். வளைந்த ராடு குட்டையாகிவிடுவதால் அந்த சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் குறைவாகக் காட்டும். ஹெட்டைத் திறந்தால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மற்றவற்றைவிடத் தாழ்ந்து நிற்பது அளவுகோலில் தெரியும். ‘அதான் ஓடுதே’ என்று விட்டுவிட்டால் பின்னொரு நாள் ராடு முறிந்து பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரலாம், அதுவும் ஆற்றின் நடுவில். இதைத் தயவுசெய்து யாரும் இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

> கடலோரத்தில் இது எப்படி ஏற்படுகிறது? அங்கே மழை காரணமாக இருக்காதே?

கடல் படகுகளில் பெரும்பாலும் எக்ஸாஸ்ட் வழிதான். உள்ளே பொருத்திய பல என்ஜின்களில், குளிரூட்டிவிட்டு வரும் கடல்தண்ணீரையே எக்ஸாஸ்ட் குழாயில் கலந்து புகையோடு வெளியே தள்ளுவார்கள். என்ஜின் ஓடினால் புகை தண்ணீரைத் தள்ளும். ஸ்டார்ட் ஆகாத என்ஜினில் திரும்பத் திரும்ப செல்ப் அடித்தால் என்ன ஆகும்? பம்ப் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கும். தள்ளுவதற்குப் புகை இல்லை. சைலன்சர் பெட்டி நிரம்பி, தண்ணீர் பின்னோக்கி ஏறி, எக்ஸாஸ்ட் வால்வு வழியாக சிலிண்டருக்குள் இறங்கிவிடும். ஆகவே இரண்டு மூன்று முறை அடித்தும் பிடிக்கவில்லை என்றால் கடல்தண்ணீர் வால்வை மூடிவிட வேண்டும், என்ஜின் பிடித்த உடனே திறந்துவிட வேண்டும். மூடியதை மறந்தால் பம்பின் ரப்பர் சக்கரம் போய்விடும்.

இன்னொரு வழி, நிறுத்திய பிறகு தானாக ஏறுவது. டிராக்டர் டேங்கில் ஓஸ் போட்டு உறிஞ்சிவிட்டால் டீசல் தானே இறங்கிக்கொண்டிருக்குமே, அதேதான். என்ஜின் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், நின்ற பிறகும் கடல்தண்ணீர் குழாய் வழியாக இறங்கிக்கொண்டே இருக்கும். குழாயை நீர்மட்டத்துக்கு மேலே வளைத்து, அந்த உச்சியில் காற்று நுழைய ஒரு சின்ன வால்வு வைப்பார்கள். உப்புக் கட்டி அதை அடைத்துக்கொள்ளும். வருடத்துக்கு ஒரு முறையாவது கழற்றிக் கழுவவேண்டும். தண்ணீரும் புகையும் சேருகிற எல்போ என்ற வளைகுழாயும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே வரும். வெளியே பார்த்தால் தெரியாது. ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கிற ஹெட் கேஸ்கட் போய்த் தண்ணீர் இறங்குவது ஆற்றுப் படகிலும் கடல் படகிலும் பொது.

டீசலில் தண்ணீர் கலப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் கனம், அடியில் தங்கும். ஃபில்டர் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து கண்ணாடி டம்ளரில் பிடித்தால் இரண்டு அடுக்காகப் பிரிந்து தெரியும். ஏற்காடு மாதிரி சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், பனியும் மூடுபனியுமாக இருக்கிற ஊரில் பாதி டேங்கோடு படகை இரவில் விட்டால், டேங்கின் மேல்பாதியில் உள்ள ஈரக்காற்று குளிர்ந்து சொட்டும். மாலையிலேயே டேங்கை நிரப்பி வைப்பது நல்லது. இப்போது வருகிற 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இன்னும் சிக்கல். தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும், என்ஜின் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான்.

ஆயிலில் தண்ணீர் கலந்து பால் நிறமாவதில் ஏற்காட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஆயில் மூடியின் உள்பக்கம் வெள்ளையாகக் கொஞ்சம் படிந்திருப்பதைப் பார்த்ததும் ஹெட் கேஸ்கட் போச்சு என்று பிரிக்க ஆரம்பிக்கக் கூடாது. குளிரில் ஏரியைச் சின்னச் சின்னச் சுற்று சுற்றி நிறுத்துகிற என்ஜின் முழுச் சூடு ஏறுவதே இல்லை. உள்ளே வேர்த்த ஈரம் மூடியில் படியும். ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். அதிலும் பால் காப்பி நிறம் இருந்து, அளவும் ஏறியிருந்தால்தான் தண்ணீர் உள்ளே வருகிறது என்று பொருள். படகின் பின்பக்கம் வெளியே மாட்டுகிற அவுட்போர்டு என்ஜின் என்றால் கீழ் கியர்ப் பெட்டியின் அடித்திருகை இலேசாகத் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் சொட்டினால் சீல் போயிருக்கிறது. படகைத் தள்ளுகிற விசிறியின் தண்டில் தூண்டில் நரம்பு சுற்றிக்கொண்டு சீலை அறுப்பது மேட்டூர் அணைப் பக்கமும் நடக்கக்கூடியதுதான். விசிறியைக் கழற்றிப் பார்த்தால் நரம்பு உள்ளே சுருண்டு கிடக்கும்.

சரி, சொல்லுக்கு வருவோம்.

நீர்ப்பூட்டு: கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பூட்டு என்றால் நாமே வேண்டிப் போடுவது. கால்வாயில் கப்பலை ஏற்றி இறக்குகிற கதவு அமைப்புக்கு அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளலாம், அங்கே பொருந்தும். தவிர, பூட்டிக்கொண்டது என்றால் அசைத்துத் திறக்கத்தான் கை போகும். இங்கே செய்யக்கூடாதது அதுதான்.

நீரடைப்பு என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். சித்த வைத்தியரிடம் போய் நீரடைப்பு என்றால் அவர் வேறு மருந்து கொடுப்பார். நீர்ப்பிடிப்பும் ஆகாது. மேட்டூர் நீர்மட்டத்தைத் தினமும் செய்தியில் பார்க்கிற ஊர் இது. நீர்ப்பிடிப்பு என்றதும் கர்நாடகத்து மழைதான் ஞாபகத்துக்கு வரும். நீர்த்தடை என்றால் தண்ணீர் புகாத கைக்கடிகாரம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

நான் முன்வைப்பது முட்டுநீர். பிஸ்டனை முட்டி நிறுத்துகிற நீர். குடிநீர், சுடுநீர் போல வினைத்தொகை. முட்டிய நீர், முட்டுகிற நீர், முட்டும் நீர் என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும். இன்னும் செல்ப் அடிக்காத என்ஜினில் நிற்பதையும் ராடை வளைத்துவிட்டதையும் ஒரே சொல்லால் சொல்லலாம். நிலையைச் சொல்லாமல் தண்ணீரையே சொல்வதால் பேச்சில் எளிதாக உட்காருகிறது: ‘முட்டுநீர் இருக்கா பாரு’, ‘முட்டுநீர் எடுத்தாச்சா’, ‘முட்டுநீர்ல ராடு போச்சு’. அந்தப் பையன் ஹேண்டிலைப் பிடித்தபடி சொன்னதும் இந்த வினைதான். நான் அதை எடுத்துக்கொண்டேன், அவ்வளவே.

நீர்முட்டு என்று திருப்பிப் போடலாமே என்று கேட்பீர்கள். வேண்டாம். நீர் முட்டுது என்றால் ஊரில் அவசரமாக ஒதுக்குப்புறம் தேடுவார்கள்.

> பட்டறைக்காரர்கள் ஹைட்ரோலாக் என்றே சொல்லட்டும், யாருக்கு நஷ்டம்?

பட்டறைக்காரர்கள் ஹைட்ரோலாக் என்று சொல்வதே குறைவு தம்பி. தண்ணி ஏறிடுச்சு என்கிறார்கள், தண்ணி குடிச்சிருச்சு என்கிறார்கள். அந்தப் பேச்சில் ‘செல்ப் அடிக்காதே’ என்ற எச்சரிக்கை இல்லை. ஆங்கிலச் சொல் தெரிந்தவன் தப்பித்துக்கொள்கிறான், தெரியாதவன் ராடு வாங்குகிறான். நஷ்டம் அவனுக்குத்தான். பிஸ்டன், ராடு, இன்ஜெக்டர், கேஸ்கட் எல்லாம் அப்படியே இருக்கட்டும். அவை கையில் பிடிக்கிற பொருள்கள், எல்லோருக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஒரு கோளாறுக்குத்தான் சொல் இல்லாமல் இருக்கிறது.

மற்ற இரண்டுக்கும் ‘எரிபொருள் நீர்’, ‘பாலான ஆயில்’ போதும். குழாய் உச்சியில் இருக்கும் காற்று வால்வுக்குக் ‘காற்றுவாய்’ எனக்குச் சரியாகப் படுகிறது. அகராதிப் பதிவுக்கு வரைவு:

முட்டுநீர் (பெ.): என்ஜின் சிலிண்டருக்குள் புகுந்து, பிஸ்டன் உச்சியை எட்டவிடாமல் தடுக்கும் நீர். மழை, எக்ஸாஸ்ட், கேஸ்கட் வழியாகப் புகும். இருக்குமென்று சந்தேகம் வந்தால் ஸ்டார்ட்டரை இயக்கக் கூடாது. இன்ஜெக்டரை அல்லது பிளக்கைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றி வெளியேற்ற வேண்டும்.

பூலாம்பட்டி, மேட்டூர் கரையிலோ நாகப்பட்டினம், தூத்துக்குடிப் பக்கத்திலோ படகோட்டிகள் இதற்கென்று முன்பே ஒரு சொல் வைத்திருந்தால் எழுதுங்கள். அது இருந்தால் அதையே பதிவில் முதலில் போட்டுவிட்டு என்னுடையதை அடுத்ததாக வைக்கலாம்.