பெண்கள் பேட்ச்சில் நீச்சல் சேர்கிறேன்: உடை மாற்றும் அறைக்கு எப்படித் தயாராவது?

வேளச்சேரி_மழை:
தோழிகளுக்கு வணக்கம். அடுத்த மாதத்திலிருந்து காலை பெண்கள் பேட்ச்சில் நீச்சல் கற்கச் சேர்கிறேன். திருநங்கை. ஹார்மோன் எடுக்கிறேன், கீழே ஆபரேஷன் ஆகவில்லை, ஆதாரில் பாலினமும் இன்னும் மாறவில்லை. தண்ணீர் பயமில்லை, உடை மாற்றும் அறைதான் பயம். எந்த மாதிரி காஸ்ட்யூம் வாங்கலாம்? குளித்து வந்தபின் ஈரத் துணியை எப்படி மாற்றுவது, தடுப்புக் கதவு இல்லாவிட்டால்? ஆபீஸில் முன்னாடியே சொல்ல வேண்டுமா? தைரியமாக இரு என்ற ஆறுதல் நிறையக் கிடைத்துவிட்டது. எனக்கு விவரம் வேண்டும்.

ராயபுரம்_அக்கா:
தங்கச்சி, முதல்ல ஒண்ணைப் புரிஞ்சுக்கோ. நம்ம ஊர் லேடீஸ் ரூம்ல யாரும் மொத்தமா அவுத்துட்டு நிக்கறதில்ல. பாவாடையை மார்புக்கு மேல ஏத்திக் கட்டி ஆத்துலயும் கிணத்தடியிலயும் குளிச்ச பொம்பளைங்க ஊரு இது. உடம்பு தெரியாம துணி மாத்தறது எல்லாருக்கும் கைவந்த கலை. நீ செய்யப்போறதும் அதேதான். வித்தியாசமாவே தெரியாது.

காஸ்ட்யூம்ல ஃப்ராக் மாடல் வாங்கு. அரைக் கை, முட்டி வரைக்கும் லெகிங்ஸ், இடுப்புல ஒரு ஃப்ரில் பாவாடை. நம்ம குளங்கள்ல பாதிப் பேர் அதுதான் போடறாங்க. கறுப்பு, நேவி ப்ளூ, இல்ல அடர்த்தியா பூப்போட்டது. வெளிர் நிறம் வேண்டாம், நனைஞ்சா உள்ள இருக்கறது தெரியும். காஸ்ட்யூம் துணியான லைக்ரா தண்ணியில கொஞ்சம் நெகிழும், அதனால கடையில போட்டுப் பார்க்கும்போது லேசா இறுக்கமா இருக்கணும். காட்டன் டீ-ஷர்ட் போட்டா நிறைய இடத்துல இறங்கவே விடமாட்டாங்க. தொப்பியும் கேப்பாங்க.

உள்ள காஃப், அதாவது முன்பக்கம் அழுத்திப் பிடிக்கிற இறுக்கமான ஜட்டி. டேப் ஒட்டவே ஒட்டாதே. தண்ணியில ஓரம் கிளம்பிடும், உரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும். மொதல்ல ஒண்ணுக்குப் போயிட்டு வா, ஈரமான காஃபை நடுவுல கழட்டி மாட்றது பெரும்பாடு. அப்புறம் குத்தவெச்சு உட்கார்ந்து, ரெண்டு விதையையும் மெதுவா மேல, அடிவயித்து ஓரத்துல மெத்துனு இருக்கற இடத்துக்குத் தள்ளு. மீதியைப் பின்னாடி மடிச்சு காஃபை ஏத்து. தானா போகலேன்னா அமுக்காதே. வலிச்சாலோ மரத்துப்போனாலோ உடனே கழட்டிடு. அச்சா தட்டையா இருக்கணும்னு ஒண்ணுமில்ல, மேல ஃப்ரில் இருக்கு. ரெண்டு மணி நேரத்துக்கு மேல அப்படியே விடாதே.

வீட்டுலயே காஸ்ட்யூமைப் போட்டு, மேல நைட்டி மாட்டிக்கிட்டுப் போ. அங்க போய் நைட்டியை அவுத்தா போதும். மாத்தற வேலை திரும்பி வரும்போது மட்டும்தான்.

வரும்போது எங்க சிக்கும்னா, ஈர லைக்ராவைக் கழட்டறதுலதான். தடுப்பு இல்லேன்னா ஒரு மூலையில சுவரைப் பார்த்து நில்லு. நைட்டியைத் தலை வழியா மாட்டு, ஆனா கையை வெளிய விடாதே. உள்ளுக்குள்ளயே தோள்ல இருந்து காஸ்ட்யூமை உருட்டி உருட்டிக் கீழ இறக்கு. இழுத்தா வராது, சுருண்டு முட்டியில மாட்டிக்கிட்டுத் தள்ளாடுவே. இடுப்பு வரைக்கும் வந்ததும் மேலுடம்பைத் துடைச்சு பிரா போட்டுக்கோ. அப்புறம் மிச்சத்தைக் கணுக்கால் வரை உருட்டி, ஒவ்வொரு காலா எடு. காஃபும் கூடவே வந்துடும். காய்ஞ்ச ஜட்டியைப் போட்ட பிறகு கையை வெளிய எடு. முன்பக்கம் ஜிப் வெச்ச நைட்டி வேண்டாம், குனியும்போது திறந்துக்கும். தொளதொளன்னு, கணுக்கால் வரைக்கும், சின்னக் கழுத்து. வீட்டுல ஈரக் காஸ்ட்யூமோட நாலஞ்சு தடவை பழகு. காய்ஞ்ச துணியில பழகினா பிரயோஜனமில்ல.

இன்னொண்ணு, இதை யாரும் சொல்றதில்ல: படர்தாமரை. சென்னைப் புழுக்கத்துல ஈரக் காஃபோட பஸ்ல வீட்டுக்கு வந்தா ஒரே வாரத்துல தொடையிடுக்குல வட்ட வட்டமா அரிக்கும். ரெண்டு காஃப் வெச்சுக்கோ, மாத்தி மாத்தி வெயில்ல காயப்போடு. இடுக்கைப் பழைய பருத்தி வேட்டித் துணியால ஒத்தி எடு. அரிச்சா மெடிக்கல்ல கேட்டு எதையாவது தடவாதே. ஸ்டீராய்டு கலந்த க்ரீம் ரெண்டு நாள் அடக்கும், அப்புறம் டபுளா பரவும். தோல் டாக்டரைப் பாரு.

நீச்சல்_டீச்சர்:
அக்கா சொன்னதோடு சில விஷயங்கள். முகச் சவரத்தை முந்தைய இரவே முடியுங்கள். காலையில் செய்துவிட்டு இறங்கினால் குளோரின் எரியும். முடி நீக்க லேசர் செய்திருந்தால் இரண்டு நாள் குளம் வேண்டாம், வெயில் அதற்குப் பிறகும் சில வாரம் வேண்டாம். ஈஸ்ட்ரோஜன் ஜெல் தடவுபவர்கள் குளித்து வந்தபின் தடவுங்கள். தொப்பி மாட்டுமுன் தலையை நல்ல தண்ணீரில் நனையுங்கள், முடி குளோரினைக் குறைவாக இழுக்கும். மார்புக்குப் பேட் வைப்பதானால் ஸ்பாஞ்ச் வேண்டாம். தண்ணீர் குடித்துத் தொங்கும், படியேறும்போது ஒழுகும். சிலிக்கான் என்றால் காஸ்ட்யூமின் உள்ளே பாக்கெட் தைத்து வையுங்கள், இல்லாவிட்டால் கை வீசும்போது கழுத்துப் பக்கம் ஏறிவிடும். கீழே ஆபரேஷன் முடித்தவர்கள் பெரும்பாலும் மூன்று மாதம் குளத்தில் இறங்கக் கூடாது. சர்ஜன் சரி என்று சொன்ன பிறகுதான்.

குளம்_மேனேஜர்:
ஆபீஸ் கேள்விக்கு என் பதில். சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஆனால் அடையாள அட்டையில் ஒரு பாலினமும் பேட்ச்சில் இன்னொன்றும் இருந்தால் கவுண்டரில்தான் தகராறு வரும், அதுவும் நாலு பேர் முன்னால். அதனால் சேர்வதற்கு முன் பொறுப்பாளரிடம் தனியாகப் பேசுவது நல்லது என்பேன். பேசியதை அன்றே வாட்ஸப்பில் எழுதி அனுப்புங்கள்: "பெண்கள் பேட்ச், பெண்கள் அறை, இந்தத் தேதியிலிருந்து. உறுதிப்படுத்துங்கள்." பதில் வந்தால் அதை எடுத்து வையுங்கள். ஷிப்ட் மாறும், கவுண்டரில் ஆள் மாறும், அப்போது அந்தப் பதில்தான் பேசும்.

பணம் கட்டுமுன் ஒரு நாள் போய் அறையைப் பாருங்கள். தாழ்ப்பாள் விழுகிறதா, கதவுக்குக் கீழே இடைவெளி எவ்வளவு, துணி மாட்ட உள்ளே கொக்கி இருக்கிறதா, ஷவர் தனித்தனியா. அறையில் இருக்கும் ஆயாம்மாவிடம் வணக்கம் சொல்லிப் பெயர் கேட்டுக்கொள்ளுங்கள். அறைக்குள் நடப்பது அவர் கையில் இருக்கிறது. அவர் "வாம்மா" என்றுவிட்டால் மற்றவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

குளம் நடத்துபவர்கள் யாராவது படித்தால்: மூன்றடிக்கு மூன்றடி இடம், ஒரு கம்பி, தரை வரை திரை, இரண்டு கொக்கி, நனையாத ஒரு பலகை. இவ்வளவு போதும். மாதவிடாய் நாளில் வருபவருக்கும், மார்பகம் எடுத்தவருக்கும், கூச்சப்படும் பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கும் அதே திரைதான். திருநங்கைக்கு மட்டும் என்று போர்டு மாட்டாதீர்கள். அது அவரை விரல் நீட்டிக் காட்டுவது போலாகும்.

கலாவின்_அம்மா:
தவறாக நினைக்க வேண்டாம். எட்டு வயதுப் பெண்ணோடு அந்த அறைக்குப் போகிறவள் நான். சங்கடமாக இருந்தால் யாரிடம் சொல்வது?

குளம்_மேனேஜர்:
கேட்டது நல்லதுதான் அம்மா. ஆயாம்மாவிடமோ என் போன்றவரிடமோ சொல்லுங்கள். நாங்கள் பார்ப்பது நடத்தையை: முறைப்பது, போன் எடுப்பது, அடுத்தவர் தடுப்பைத் திறப்பது. யார் செய்தாலும் வெளியேற்றம். ஒருவர் அங்கே இருப்பதே புகாராகாது. உங்களுக்கும் பாப்பாவுக்கும் மறைவு வேண்டும் என்றால் தடுப்பு இருக்கும் ஷவரை உங்களுக்கு ஒதுக்கித் தருவோம்.

எழும்பூர்_வக்கீல்:
சட்டப் பக்கம் சுருக்கமாக. 2014 ஏப்ரல் 15 அன்று வந்த நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கு) தீர்ப்பில், பாலினத்தை அங்கீகரிக்க அறுவைச் சிகிச்சையை வற்புறுத்துவது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே "ஆபரேஷன் ஆயிடுச்சா?" என்று கவுண்டரில் கேட்டால் பதில் சொல்லத் தேவையில்லை. "அது மருத்துவ விஷயம், பேட்ச் விவரம் மட்டும் பேசலாம்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். 2019-இல் நிறைவேறிய திருநர் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, பொதுமக்களுக்கான வசதிகளிலும் சேவைகளிலும் பாகுபாட்டைத் தடை செய்கிறது. உடை மாற்றும் அறை என்ற சொல் அதில் தனியாக இல்லை. அதனால் வாய்ச்சண்டையை விட, மறுப்பை எழுத்தில் வாங்குவதுதான் பலம். "காரணத்தை மெயிலில் போடுங்கள்" என்று கேட்டாலே பல மறுப்புகள் கரைந்துவிடும்.

அறையில் யாராவது போனில் படம் எடுத்தால் பிடுங்கப் போகாதீர்கள். கைகலப்பானால் வழக்கு உங்கள் மேல் திரும்பும். துணியைப் போர்த்திக்கொண்டு ஆயாம்மாவைக் கூப்பிடுங்கள், 112-க்கு அழையுங்கள், நேரத்தைக் குறித்து வையுங்கள். ஒருவரின் அந்தரங்க உறுப்பை அனுமதியின்றிப் படமெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். எந்தப் பாலினத்தவருக்கும் அது பொருந்தும்.

வேளச்சேரி_மழை:
எல்லோருக்கும் நன்றி. அக்கா, ஜிம்முக்கும் நைட்டிதானா?

ராயபுரம்_அக்கா:
ஜிம்முக்கு அவ்வளவு வேண்டாம்மா. லெகிங்ஸ், தொடை வரைக்கும் தொங்கற டீ-ஷர்ட், வீட்டுலயே போட்டுட்டுப் போ, அப்படியே திரும்பி வா. லாக்கர்ல செருப்பும் போனும் வெச்சா போதும். ஸ்க்வாட் பண்ற நாள்ல மட்டும் காஃப் இறுக்கமா வேண்டாம், அடியில அழுத்தி வலிக்கும். சாதா ஸ்போர்ட்ஸ் ஜட்டி ரெண்டு போட்டுக்கோ.