உச்சிப்புளி அருகே முதல் வீடு: முன்பணத்துக்கு முன் எவற்றைப் பார்ப்பது?

வினா:
வணக்கம். நானும் மனைவியும் இராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில், கடற்கரைக்கு அருகே, எங்கள் வருமானத்துக்கு எட்டும் விலையில் ஒரு சிறிய பழைய வீட்டைப் பார்த்திருக்கிறோம். முன்பணம் கொடுப்பதற்கு முன் எவற்றை உறுதிசெய்ய வேண்டும்?

மறுமொழி 1:
கடலோரக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள், உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது நீர் எட்டும் எல்லை) 500 மீட்டர் வரை செல்லும். ஊரகப் பகுதிகளில் பெரும்பாலும் முதல் 200 மீட்டருக்குள் புதிய கட்டுமானத்துக்கு இடமில்லை என்பதால், பின்னாளில் ஓர் அறை கூட்டிக் கட்ட நினைத்தாலும் தடை வரலாம். விலை குறைவாக இருப்பதற்கு அதுவே காரணமாகவும் இருக்கக்கூடும்.

மறுமொழி 2:
30 ஆண்டு வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டுவது), விற்பவர் பெயரிலுள்ள பட்டா, தாய்ப்பத்திரம் (சொத்து முன்பு கைமாறிய பழைய பத்திரம்) ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து பொதுவாகச் சொத்து மதிப்பில் 9 சதவீதம் ஆகும். வங்கிக் கடன் பொதுவாக அதற்கு உதவாது.

மறுமொழி 3:
ஐயா, நான் இந்தக் கரையோரத்தில் கட்டட வேலை செய்பவன். உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்; துரு பருத்துப் பூச்சைப் பிளக்கும். ஆகவே கூரையின் அடிப்பகுதியிலும் தூண்களிலும் கம்பி ஓடும் திசையிலேயே நீண்ட விரிசல் தெரிந்தால், புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள் என்று மயங்காமல், பொறியாளர் ஒருவரை அழைத்துத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கிணற்று நீரைக் கோடையில் சுவைத்துப் பாருங்கள்; ஐப்பசி மழைக்குப் பின் உவர்ப்பு குறைந்து தெரியும். காவிரிக் கூட்டுக் குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதை அக்கம்பக்கத்துப் பெண்களிடம் கேளுங்கள்.