ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்: 16 பிட் போதுமா, 32 வேண்டுமா?

வணக்கம் நண்பர்களே. பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் பொழுது சாயும் நேரத்தில் 10 பிட் நிற ஆழத்தில் எடுத்த வீடியோ காட்சி இது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற வீடியோ மென்பொருளில் இறக்கி, கரையோர விளக்குகளுக்கு லேசாக குளோ (சுற்றிலும் ஒளி பரவும் எஃபெக்ட்) போட்டேன். ஆரஞ்சு மங்கி நீலமாகும் இடத்தில் வானம் பட்டை பட்டையாகத் தெரிந்தது. மூலக் கோப்பில் அப்படி இல்லை.

அப்புறம்தான் கவனித்தேன், ப்ராஜெக்ட் 8 பிட்டில் இருந்தது. ஒரு நிறத்துக்கு 1024 படிகள் இருந்த இடத்தில் 256தான் மிஞ்சும். ப்ராஜெக்ட் பேனலில் உள்ள பிட் எண்ணை ஆல்ட் அழுத்தி கிளிக் செய்து 16க்கு மாற்றியதும் வானம் வழவழப்பாகிவிட்டது. ஆனால் குளோ வெளுத்து நிற்கிறது. விளக்கின் அந்த மஞ்சளே இல்லை. எனக்கு அதுதான் வேண்டும்.

32க்குப் போனால் ப்ரிவ்யூ நகர மறுக்கிறது, 16 ஜிபி ரேம்தான். குளோ உள்ள காம்ப்பை (காம்போசிஷன், அடுக்குகள் சேரும் தொகுப்பு) மட்டும் 32இல் ரெண்டர் செய்து, இஎக்ஸ்ஆர் (32 பிட் வரை தாங்கும் படக் கோப்பு) வரிசையாக இறக்கினால் மஞ்சள் தங்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிக்க வேண்டும்.