பவேரியக் காட்டுப்பன்றி: பழி செர்னோபிலுக்கு மட்டுமா?

முகிலன்:
1986 செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு ஜெர்மனியின் பவேரியக் காடுகளில் மான் இறைச்சியில் சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் வருடாவருடம் குறைந்தது. காட்டுப்பன்றியில் மட்டும் குறையவே காணோம். வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கியார்க் ஸ்டைன்ஹவுசர் குழு 2023-இல் காரணத்தைச் சொல்லிவிட்டது. 48 இறைச்சி மாதிரிகளில் 88 சதவீதம், உணவுக்கான கிலோவுக்கு 600 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்ற வரம்பைத் தாண்டியிருந்தன. தாண்டியவற்றில் இருந்த சீசியம்-137-இல் 10 முதல் 68 சதவீதம் வரை பனிப்போர்க் கால அணுகுண்டுச் சோதனைகளின் மிச்சம். அணு உலையைத் திட்ட இந்தப் பன்றியை இழுத்தவர்கள் இனியாவது நிறுத்தட்டும்.

தாமரைச்செல்வி:
68-ஐப் பிடித்துக்கொண்டு 10-ஐ விட்டுவிட்டீர்களே! குண்டின் பங்கு 10 என்றால் மீதி 90 யாருடையது? குண்டுச் சீசியம் தனியாகவே வரம்பைத் தாண்டவைத்தது சில மாதிரிகளில்தான். அதுவும் பெரும்பாலும் மொத்த அளவே குறைவாக இருந்தவற்றில்.

பொறையன்:
ஒரு சந்தேகம். இரண்டும் சீசியம்-137 தானே, எப்படிப் பிரித்தார்கள்?

தாமரைச்செல்வி:
கூடவே இருக்கும் சீசியத்தின் இன்னொரு வகையான சீசியம்-135-ஐ வைத்துத்தான். செனான்-135 என்ற வாயு சிதைந்துதான் அது உருவாகிறது. உலைக்குள் நியூட்ரான்கள் ஓயாமல் பாய்வதால், செனான் சிதைவதற்கு முன்பே பெரும்பகுதி நியூட்ரானை விழுங்கி செனான்-136 ஆகிவிடும். குண்டு கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வெடித்து முடிந்துவிடும். செனான் உருவாகும் நேரத்தில் விழுங்க நியூட்ரானே இருக்காது. அதனால் குண்டுக் கழிவில் 135-இன் விகிதம் அதிகம். இந்த ஆய்வில் என்னை அசத்தியது இந்த இடம்தான்.

முகிலன்:
அளவீடு அருமைதான், மறுக்கவில்லை. ஆபத்து எவ்வளவு என்று பாருங்கள். கிடைத்ததிலேயே அதிகம் கிலோவுக்குச் சுமார் 15,000 பெக்கரல். அதில் 200 கிராம் சாப்பிட்டால் 3,000 பெக்கரல், அதாவது உடல் வாங்கும் கதிர்வீச்சு ஏறக்குறைய 0.04 மில்லிசீவர்ட். இயற்கைக் கதிர்வீச்சே வருடத்துக்குச் சராசரியாக 2.4. இதற்கா நல்ல இறைச்சியைக் கொட்டுவது? வாங்க ஆளில்லை என்று வேட்டை குறைந்தால் பன்றிகள் பெருகி வயலைத்தான் உழுதுபோடும்.

தாமரைச்செல்வி:
ஒரு வேளைக்குச் சரி. வேட்டைக்காரர் வீட்டில் அதே அளவு இறைச்சியை வாரம் ஒருமுறை சமைத்தால் வருடத்துக்கு 2 மில்லிசீவர்ட். செயற்கைக் கதிர்வீச்சுக்குப் பொதுமக்களுக்கான வரம்பே 1. உங்கள் கணக்கேதான், 52-ஆல் பெருக்கினேன்.

பொறையன்:
அப்போ மானுக்கு ஏன் குறைந்தது?

தாமரைச்செல்வி:
தீனிதான் வித்தியாசம். குளிரில் வேறு இரை கிடைக்காதபோது பன்றி மண்ணைக் கிளறி மான் டிரஃபிள் என்ற மண்ணடிப் பூஞ்சையைத் தின்னும். சீசியம் அந்த ஆழத்துக்கு வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் என்றுதான் இறங்குகிறது. 1960-களில் விழுந்தது முதலில் போய்ச் சேர்ந்தது, செர்னோபில் சீசியம் பின்னால் வந்துகொண்டிருக்கிறது.

முகிலன்:
அப்படியென்றாலும் இப்போது இறைச்சியில் இருப்பதில் கணிசமான பங்கு ராணுவங்களுடையதுதானே? அதை ஏன் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை?

தாமரைச்செல்வி:
தாராளமாகச் சொல்லுங்கள், நானும் சேர்ந்தே சொல்கிறேன். ஆனால் சீசியம்-137-இன் அரைவாழ்வு, அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 30 வருடம். குண்டுச் சீசியம் இரண்டு அரைவாழ்வு தேய்ந்து கால் பங்காகியும் சில பன்றிகளை வரம்புக்கு மேல் நிறுத்துகிறது. 1986-இல் விழுந்தது ஓர் அரைவாழ்வுதான் கடந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு உலைக்கு நற்சான்று கொடுக்கச் சொல்கிறீர்கள்.